விதை கட்டிய வருஷம்

எங்கள் நிலத்தில் இரண்டு வருஷம் கஞ்சா பயிரானது. என் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா கரும்பு போட்டார் என்பது மட்டும்தான் தெரியும். கரும்பும் போட்டார், அது பொய்யில்லை. கரும்புக்கு நடுவில் என்ன போட்டார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று நானும் அவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம். இப்போது அவர் இல்லை. அவர் மேல் பழி போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. பழியில் பெரிய பங்கு என்னுடையது.

காஞ்சிபுரத்திலிருந்து வேகவதியைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற பாதையில் பிரிந்து இன்னும் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நான் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில். பதினெட்டு வயதில் கல்யாணமாகி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தேன். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீட்டில் என் தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். தம்பி கூலிக்குப் பட்டு நெய்தான். கோர்வைப் புடவையில் அவன் கை படிந்தால் உடலும் கரையும் சேருமிடம் தெரியாது என்று சொல்வார்கள்.

அறுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் சரியாக மழை இல்லை. எங்கள் கிணற்றில் காலையில் இறைத்தால் மாலைவரை ஊற வேண்டும். கரும்பு குட்டையாக நின்றது. அந்த நேரத்தில்தான் சைக்கிளில் புகையிலை விற்றுக்கொண்டு வரும் ஒருவர் என் கணவரிடம் பழக ஆரம்பித்தார். மதுவிலக்கு இருந்த காலம் அது. கள்ளும் சாராயமும் ஒளித்துத்தான் கிடைக்கும். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் சாயங்காலமானால் வேறு எதையாவது தேடினார்கள். புகையிலைக்காரரின் கூடையில் புகையிலைக்கு அடியில் அது இருந்தது. மேற்கு மலைப்பக்கத்திலிருந்து வருவதை நம்பாமல் பக்கத்திலேயே விளைவித்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விதையை அவரே ஒரு மூக்குப்பொடி டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கரும்புக்கு நடுவே ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடம் விட்டு ஏதோ நட்டிருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு "புளிச்ச கீர" என்றார் என் கணவர். நான் நம்பினேன். இலை அப்படித்தான் இருந்தது, கைவிரல் விரித்தது போல.

ஆவணியில் ஒருநாள் கடைந்து வைக்கலாம் என்று ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கை பறித்துவிட்டேன். எங்கள் நிலத்தில் வேலை செய்தவர் கரும்புச் சோகை இலைகளை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

"அம்மா, அத்த விடுங்க. கீரை இல்ல அது."

"புளிச்சதானே? அவரு அப்பிடித்தான் சொன்னாரு."

"புளிச்சன்னா ஒரு எலய வாயில போட்டுப் பாருங்க. புளிக்குதா பாக்கலாம்."

நான் வாயில் போடவில்லை. கையை முகர்ந்து பார்த்தேன். மாங்காய்த் தோலையும் மிளகையும் சேர்த்து நசுக்கியது போல ஒரு வாசனை. அவர் என் கூடையை வாங்கி, பறித்த இலைகளை மண்ணுக்குள் தள்ளி மூடினார்.

அந்த மனிதருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஊருக்கு வெளியே காலனியில் குடியிருந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அந்த நாளில் நான் அவரை "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது "அவர்" என்று எழுதுகிறேன். அப்போது சொல்லியிருக்க வேண்டியது.

மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஒரு வருசம்தான். கெணத்த ஆழப்படுத்தற வரைக்கும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பயந்தேனே தவிர, தப்பு என்று அழுத்திச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் செடி பார்க்க அழகாக இருக்கும். ஆடியில் விரல் உயரம் இருந்தது, ஐப்பசிக்குள் கரும்பையும் தாண்டிப் போயிற்று. தண்டு மெல்லியது, கிளைகள் விட்டுவிட்டுப் போகும், இலையின் விரல்கள் கத்தரிக்கோலால் நறுக்கியது போல ஒடுங்கியிருக்கும். காற்று இல்லாதபோதும் நுனி அசைந்துகொண்டிருக்கும். மழைக்கு அஞ்சாது, ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். மலைநாட்டுச் செடி என்பதால் முற்றுவதற்கு நாளாகும். பகல் குறைய ஆரம்பித்த பிறகுதான் பூவெடுக்கும். தைக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஆறேழு மாதம் அதை மறைத்து வைப்பதுதான் பெரிய வேலை.

அதில் ஆண் வேறு, பெண் வேறு. கார்த்திகையில் ஆண் செடி முதலில் தெரியும். கணுவில் சின்னச் சின்ன மொட்டு கொத்தாகத் தொங்கும். பெண் செடியில் மொட்டு இருக்காது, வெள்ளை மயிர் போல இரண்டு இழை நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் மொட்டு விரிவதற்குள் அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அதன் தூள் காற்றில் போய்ப் பெண் பூ எல்லாம் விதை கட்டிவிடும். விதை கட்டினால் சரக்கு கெட்டது. இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது கூழ் கொண்டுபோகிற வேளையில், எங்கள் நிலத்தில் வேலை செய்த அந்த மனிதர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துப் பிடுங்குவதைப் பார்த்துத்தான். அவர் இளவயதில் மேற்கு மலையில் கூலிக்குப் போய் இந்த வேலையைக் கற்றவர். அதனால்தான் என் கணவர் அவரை வைத்துக்கொண்டார்.

முதல் வருஷம் எல்லாம் அவர்கள் நினைத்தபடி நடந்தது. கிணறு ஆழமாயிற்று. அடுத்த ஆடியில் மறுபடியும் நட்டார்கள். ஒரு வருஷம்தான் என்று சொன்னதை நான் நினைவுபடுத்தியபோது, "அந்தாளு விடமாட்டேங்கறான்" என்று புகையிலைக்காரரைச் சொன்னார்.

அந்த ஆவணியில் ஒரு மத்தியானம் தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையார்பாளையத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, அவரு பாவ அறுத்துட்டாரு."

முதலில் எனக்குப் புரியவில்லை. பாவு அறுந்துபோவது உண்டு. அறுப்பது கிடையாது. தறியில் ஏற்றியிருந்தது மூன்று புடவைக்கான பாவு, நீளவாக்கில் ஓடுகிற நூல். அதில் முதல் புடவை பாதி நெய்திருந்தான். கத்தியை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அறுத்திருக்கிறான்.

"ஏன்மா?"

"நூலு பேசுதாம். என்னப் பத்தி அவரு கிட்ட சொல்லுதாம். நான் சோத்துல இன்னாவோ கலக்கறேன்னு நூலு சொல்லிச்சாம். ஆறு மாசமாவே ஒரு மாதிரிதான் இருக்காரு அண்ணி. நான் உங்க கிட்ட சொல்லல. அந்தப் பொகைய விட்டா சரியாப் பூடும்னு நெனச்சேன்."

அப்படியே அவளுடன் கிளம்பினேன். அன்று காலையில்தான் நான் அந்தச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கியிருந்தேன். புடவையைக்கூட மாற்றவில்லை.

தம்பி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். அறுந்த நூல் எல்லாம் இரண்டு பக்கமும் தொங்கியது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. ஒன்றும் ஆகவில்லை என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தடவினேன். அவன் என் முந்தானையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

"அக்கா, உன் பொடவைல அந்த வாசன வருது."

"இன்னா வாசனடா?"

"நல்ல சரக்கு. போன மாசிலேருந்து இதான் வருது. ஆத்துக்கு அந்தாண்டதான் வெளயுதாம், பொகயிலக்காரரு சொன்னாரு. நீ எங்கேருந்து வர்ற?"

முந்தானையை இழுத்தேன். அவன் விடவில்லை. தம்பி மனைவி சுவரோரம் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். செடியைப் பிடுங்கிவிடுங்கள் என்று காலைப் பிடித்தேன்.

"நம்ம கிட்ட இல்லன்னா வேற எடத்துலேருந்து வரும். ஊர்ல எத்தினி பேரு குடிக்கிறான். எல்லாருமா பாவ அறுக்கறான்? உன் தம்பிக்கு மனசு பலமில்ல, அதுக்கு நான் இன்னா பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. என் தம்பியை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். பஸ்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போனார். திரும்பி வந்து கால் கழுவிவிட்டு நேராகக் கரும்புக்குள் போய்ச் செடிகளைப் பார்த்தார். இரண்டையும் ஒரே ஆள் செய்ததைப் பார்த்த அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

கார்த்திகை கடைசி. நிலத்தில் வேலை செய்தவர் வழக்கம்போலக் கிழக்கு ஓரத்திலிருந்து ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மேற்கு ஓரத்துக்கு வர இரண்டு நாள் ஆகும். நான் மத்தியான வேளையில், அவர் கஞ்சி குடிக்கப் போனபோது, மேற்கு ஓரத்துக்குப் போனேன். மொட்டு தொங்கிய செடிகள் மூன்றைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் ஒடியாமல் வளைத்து, கரும்புச் சோகைக்குள் தலையைச் செருகி, வாழை நாரால் கட்டினேன்.

மார்கழி பிறந்த சில நாளில் போய்ப் பார்த்தேன். மூன்றும் விரிந்திருந்தன. சோகையைத் தொட்டதும் மஞ்சள் தூள் புகைபோலக் கிளம்பி என் முழங்கையில் படிந்தது. அந்தப் பருவத்தில் காற்று கிழக்கே போகாது என்று முதலில் பயந்திருந்தேன். அது எந்தப் பக்கம் போனாலும் அந்த இடத்துக்குள்ளேதான் சுற்றியது. சுற்றிலும் கரும்பு சுவர்போல நின்றதே.

தைக் கடைசியில் புகையிலைக்காரர் வந்தார். ஒரு பூங்கொத்தை ஒடித்து உள்ளங்கையில் வைத்து நெருக்கினார். விதை நொறுங்கும் சத்தம் கிணற்றடியில் நின்ற எனக்குக் கேட்டது. இன்னொன்றை ஒடித்தார். பிறகு கையைத் தட்டி உதறிவிட்டு, "ஆண விட்டிருக்கீங்க. எனக்கு வேணாம்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

என் கணவர் திரும்பினார். நிலத்தில் வேலை செய்த அந்த மனிதர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார்.

"நான் ஒண்ணும் விடலீங்க. ஒவ்வொரு செடியா பாத்தேன்."

"பாத்தா இது எப்பிடி வந்துச்சு?"

"தெரியலீங்க."

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. நடுவில் ஒருமுறை அவர் பார்வை கிணற்றடிக்கு வந்தது. என்னைப் பார்த்தார். கோபமாகவோ கெஞ்சலாகவோ பார்க்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே அடி நின்றிருக்கும். ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத" என்றார் என் கணவர்.

மறுநாள் அந்த மனிதரின் குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது என்று கேள்விப்பட்டேன். பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்க்கப் போகிறார்களாம். எங்கள் வீட்டுப் பெண்கள் காலனிக்குப் போகிற வழக்கம் கிடையாது. நான் போனேன். அவர் மனைவி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் வெளியே வந்தார். ஒரு பக்கம் முகம் வீங்கியிருந்தது.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்.

"தெரியும்மா. மேக்கால கட்டியிருந்தத நேத்து காலைலயே பாத்துட்டேன். வாழ நாரு. எங்க ஊட்ல ஏது வாழ?"

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாரா? ஐயா பொஞ்சாதி மேல பழி போடறான்னு இன்னும் ரெண்டு வெப்பாரு."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்கும் அந்த வேல பிடிச்சா செஞ்சேன்? வேர்ல தண்ணி நிக்க விட்டிருப்பேன். மழையில அழுவிப்போச்சுன்னு சொல்லியிருப்பேன். யாருக்கும் அடி வுழுந்திருக்காது. உங்க தம்பிக்காகப் பண்ணீங்க, சரி. எம் புள்ளைங்கள நெனச்சுப் பாத்தீங்களா?"

"நான் அவரு கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லுங்க. எனக்காக வேணாம். நான் போறேன். பொய்யா என் பேரு நிக்குது பாருங்க, அதுக்காகச் சொல்லுங்க."

சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேனே தவிர, ஒன்றரை மாதம் சொல்லவில்லை. அதற்குள் புகையிலைக்காரர் திரும்பி வந்தார். கெட்ட சரக்கைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். விதையைச் சலித்து எடுத்துவிட்டு, அதுவரை வாங்க முடியாதவர்களுக்கெல்லாம் அதை மலிவாக விற்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் தெளிந்திருந்த என் தம்பி அதை வாங்கினான். முன்னைவிட அதிகமாக வாங்கினான். பங்குனியில் அவனை மறுபடியும் மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து கட்டிக் கொண்டுபோனார்கள்.

அந்தச் செய்தி வந்த காலையில்தான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "அடி வாங்கினவனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

இரண்டு நாள் கழித்து, சூளைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்து, அவர்கள் அங்கே இல்லை என்றார். உண்மையாகவே போனாரா, ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த ஆடியில் நாங்கள் எதையும் விதைக்கவில்லை. ஆனால் விதை கட்டிய செடிகளை வெட்டிக் கட்டித் தூக்கிக்கொண்டு போன வழியெல்லாம் விதை சிந்தியிருந்தது. முதல் மழைக்கு எல்லாம் முளைத்தன. கரும்புக் கட்டைக்குள்ளே, வரப்பில், கிணற்று மேட்டில், வண்டிப்பாதை ஓரத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். முளைக்கும்போதே இலை அதுதான் என்று தெரிந்துவிடும். நானும் அவரும் விடிந்ததும் குனிந்தால் வெயில் ஏறும்வரை பிடுங்குவோம். பத்து நாள் கழித்து இன்னொரு மழை பெய்யும், மறுபடி முளைக்கும்.

ஒருநாள் ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அவர் காலடியில், ஒரு முழம் தள்ளி, நாங்கள் கவனிக்காமல் விட்ட செடி ஒன்று முழங்கால் உயரம் நின்றது. என் கணவர் செம்பை நீட்டியபோது தண்ணீர் தளும்பி அவர் கையிலேயே கொட்டியது. போலீஸ்காரர் குடித்துவிட்டு, கரும்பு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் கண்ணில் அது படவில்லையா, படாதது போல இருந்தாரா, தெரியாது. அவர் போன பிறகுதான் என் கணவர் அந்தச் செடியைப் பிடுங்கினார். புகையிலைக்காரர் அதற்குப் பிறகு வந்தபோது அவரை என் கணவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எங்கோ ஒரு மூலையில் ஒன்றிரண்டு முளைப்பது நான்கைந்து வருஷம்வரை நிற்கவில்லை.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சண்டை இல்லை, சத்தம் இல்லை. தறிக்குழிக்குள் மட்டும் இறங்கமாட்டான். தம்பி மனைவி நெய்தாள். அவளுக்கு அவன் ஊடைநூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தான். நான் போனால் என்னை அடையாளம் தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்பான், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் காய்ச்சலில் போனான். அவன் சாவுக்கு எங்கள் செடிதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. காரணமில்லை என்றும் சொல்ல முடியாது.

அவன் காரியம் முடிந்த சில மாதத்தில், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த மனிதரின் மனைவியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நான்தான் போய்ப் பேசினேன்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம்மா. பெரியவன் லாரி ஓட்டறான்."

"அவரு?"

"இருக்காரு. காதுதான் ஒரு பக்கம் கேக்காது."

"எப்பலேருந்து?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அன்னிலேருந்துதான்" என்றார்.

எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுக்கக் கையை நீட்டினேன். பரவாயில்லை என்று தானே தூக்கிக்கொண்டு ஏறினார்.

வீட்டுக்கு வந்தேன். என் கணவர் அப்போது நன்றாகத்தான் இருந்தார். அந்த ஊருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், ஒன்றரை மணி நேரப் பயணம். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் இருந்தார். நானும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.